படுவான்கரையில் ஈர்ப்பு, காந்த அளவை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குதல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நிலத்தடி நீருக்காகவோ பாறைக் கட்டமைப்பை அறியவோ ஈர்ப்புமானியும் காந்தமானியும் கொண்டு வயலில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவியை இயக்கத் தெரியும், மென்பொருளில் வரைபடம் போடவும் தெரியும், ஆனால் வந்த வரைபடத்தை நம்புவதா வேண்டாமா என்று திகைப்பவர்களே பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள்.

அடிப்படை எளிது. நிலத்தடிப் பாறையின் அடர்த்தி மாறினால் மேலே ஈர்ப்பு துளியளவு மாறும். பாறையில் மக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் கூடினாலோ குறைந்தாலோ காந்தப்புலம் மாறும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பகுதி விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டத்தின் பழைய நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய) பாறைமேல் கிடக்கிறது. மேற்கே மகா ஓயா, பதியத்தலாவைப் பக்கம் உயர்நிலத் தொகுதி என்ற இன்னொரு பாறைக் கூட்டம் அதன்மேல் ஏறிக் கிடக்கும் எல்லை வருகிறது. வெந்நீர் ஊற்றுகளும் அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. அந்தப் பகுதியில் டொலரைட் (உருகி உறைந்த கருநிறப் பாறை) நிலத்துக்குள் சுவர்போல் எழுந்து நிற்கும் இடங்களும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. எழுவான்கரையில் பாறையைக் கடல் மணலும் வாவிச் சேறும் மூடியிருக்கின்றன.

பாடநூல்கள் நம் ஊருக்காக எழுதப்பட்டவை அல்ல. அவற்றிலுள்ள மாதிரி வரைபடங்கள் காந்த நடுக்கோட்டுக்கு (புவியின் காந்தப்புலம் படுக்கையாக ஓடும் கோடு) வெகு தொலைவிலுள்ள நாடுகளில் எடுத்தவை. நாமோ காந்த நடுக்கோட்டின் பக்கத்திலேயே, கடலின் ஓரத்தில், உலகின் மிக ஆழமான ஜியோயிட் (ஈர்ப்பின்படி அமையும் கடல்மட்டம்) தாழ்வின் விளிம்பில் நிற்கிறோம். அதனால் பாடநூலில் சரியாகத் தெரிவது இங்கே பிழையாக இருக்கலாம். பிழைபோல் தெரிவது சரியாகவும் இருக்கலாம். நான் சந்தேகப்படும் வரிசை இது: இரும்பு, நேரம், உயரம், கணிப்பு, கடைசியில் பாறை. கீழேயுள்ள அறிகுறிகளும் ஏறத்தாழ அந்த வரிசையிலேயே வருகின்றன.

காந்த அளவையில் ஊசி ஊசியாக உச்சங்கள்

ஒரே ஒரு புள்ளியில் நூற்றுக்கணக்கான நனோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) எகிறி, அடுத்த புள்ளியில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது ஆழத்திலுள்ள பாறையின் வேலையாக இருக்க முடியாது. ஆழத்திலிருந்து வரும் விலகல் (சுற்றுப்புறத்தின் இயல்பான அளவிலிருந்து உள்ள வேறுபாடு) அகலமாகவே வரும். குறுகிய உச்சம் என்றால் மூலம் உங்கள் காலடியில் இருக்கிறது, அல்லது உங்கள் உடம்பில் இருக்கிறது.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் சென்சரைப் பிடித்து அசையாமல் நிற்கட்டும். மற்றவர் ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து அருகே வந்து விலகட்டும். கைபேசி, இடுப்புப் பட்டியின் கொளுக்கி, குடைக்கம்பி, சப்பாத்தின் அடியிலுள்ள ஆணி, பற்றை வெட்டக் கொண்டுவந்த கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் எண் எவ்வளவு ஆடுகிறது என்று எழுதிவைத்தால், அன்று மாலை எதை வீட்டில் விட்டுவர வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

அடுத்தது நிலம். முட்கம்பி வேலி, தகரக் கூரை, மதகின் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி, மின்கம்பம், மட்டக்களப்புக்கு வரும் புகையிரதப் பாதை, கல்லடியின் பழைய இரும்புப் பாலம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் தப்பிவிடலாம். கைவிடப்பட்ட குழாய்க் கிணற்றின் இரும்புக் குழாய்தான் ஆளை ஏமாற்றும். மேலே எதுவும் இராது, ஆனால் வரைபடத்தில் அழகான வட்ட விலகல் ஒன்று விழும். இதற்கு ஊர்க்காரரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வயலின் சொந்தக்காரரான போடியார் ‘தம்பி, அந்த மூலையில் பழைய குழாய்க் கிணறு ஒன்றை மூடி விட்டோம்’ என்று சொல்லும் ஒரு வாக்கியம், எந்த வடிகட்டியும் தராத திருத்தம். அளவைக்கு முந்திய நாளே போய்க் கேட்டுவிடுங்கள். அனுமதி வாங்கும் வேலையும் அதோடு முடிந்துவிடும்.

யானை வேலிக்கு அருகில் கோளாறு வேறு விதமாகத் தெரியும். வேலியில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாகப் பாய்வதால் அளவீடும் ஒழுங்கின்றித் துள்ளும். ஒரே இடத்தில் நின்று பத்து முறை எடுத்துப் பாருங்கள். பத்தும் பத்து விதமாக வந்தால் வேலிதான் காரணம். விலகிப் போங்கள். விலக முடியாத இடமானால் அந்தப் புள்ளியைக் கைவிடுங்கள்.

போர் நடந்த இடங்களில், குறிப்பாகக் குடும்பிமலைப் பக்கத்துக் காடுகளில், எறிகணைச் சிதறல்களும் ஊசி உச்சங்களைத் தரும். காந்தமானி காட்டிய இடத்தில் ‘என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று மண்வெட்டி போடக் கூடாது. புள்ளியைக் குறித்து, ஆளை விலக்கி, பொலிசாருக்கு அறிவியுங்கள்.

காலையில் ஒழுங்காக இருந்த காந்தப்புலம் நண்பகலில் ஏறிவிடுகிறது

நமது பகுதியின் மொத்தக் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நனோடெஸ்லா. அது நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, நூறு கிலோமீற்றர் சொச்சம் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. சிட்னி சப்மன் 1951இல் இதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர் வைத்தார். அது நடுக்கோட்டுக்கு இருபுறமும் மூன்று பாகை அளவுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பட்டை. நாம் அந்தப் பட்டைக்குள் இருக்கிறோம். அதனால் இங்கே நாளாந்த ஏற்ற இறக்கம் பட்டைக்கு வெளியேயுள்ள நாடுகளைவிடப் பெரிது. முற்பகல் பத்து மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணிவரை ஐம்பது முதல் நூறு நனோடெஸ்லாவரை ஏறி இறங்குவது சாதாரணம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு கோட்டையும் பதினொரு மணிக்கு அடுத்த கோட்டையும் அளந்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பாறை எல்லை இருப்பதுபோல் வரைபடம் காட்டும். அந்த எல்லை நேர்கோடாக, உங்கள் அளவைக் கோட்டுக்கு இணையாக ஓடினால் அப்போதே ஐயம் எழ வேண்டும்.

திருத்த இரண்டாவது காந்தமானி ஒன்று அசையாமல் ஓரிடத்தில் நின்று பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். பத்து செக்கனுக்கு ஒரு பதிவு போதும். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நண்பகல் ஏற்றம் வேகமாக நடக்கும்போது சில நிமிட வேறுபாடே பல நனோடெஸ்லா பிழையாகும். அசையாமல் நிற்கும் இந்தத் தளக் கருவி வேலை நடக்கும் பகுதிக்குள்ளேயே இருக்கட்டும். மின்தாரையின் வலிமை வடக்கு தெற்காக விரைவில் மாறும் என்பதால் வாழைச்சேனையில் வைத்த கருவியைக் கொண்டு பொத்துவில் அளவீட்டைத் திருத்தப் பார்ப்பது சரிவராது.

இரண்டாவது கருவி கிடைக்காதா? அரை மணிக்கொருமுறை அதே புள்ளிக்குத் திரும்பி வந்து அளப்பது ஒரு வழி, ஆனால் நண்பகலுக்கு அது போதாது. வேலையை அதிகாலையிலும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் வைத்துக்கொள்வதே மேல். வெயிலுக்கும் அதுதான் நல்லது. காந்தப் புயல் அறிவிக்கப்பட்ட நாளில் வெளியே போகவே வேண்டாம்.

கிழக்கு மேற்காக நடக்கும்போது சென்சர் சமிக்ஞை விட்டுவிட்டு வருகிறது

சீசியம் வகைக் காந்தமானி வைத்திருப்பவர்களின் முறைப்பாடு இது. கருவியைத் திருப்பி அனுப்புமுன் சென்சரின் சாய்வைப் பாருங்கள். சென்சரின் அச்சு புவிப்புலத்துக்கு இணையாக இருந்தாலும் செங்குத்தாக இருந்தாலும் அது வேலை செய்யாது. 45 பாகையை ஒட்டி இருந்தால்தான் நன்றாக இயங்கும். நமது ஊரில் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக, தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. சென்சரை நிமிர்த்திப் பிடித்தால் புலத்துக்குச் செங்குத்து. கிழக்கு நோக்கிக் கிடத்தினாலும் செங்குத்து. வடக்கு நோக்கிக் கிடத்தினால் இணை. மூன்றுமே ஆகாது.

வடக்கு தெற்காக நடக்கும்போது சென்சரை முன்னோக்கி 45 பாகை சாய்த்தால் சரியாகிவிடும். அதே சாய்வோடு கிழக்கே திரும்பினால் அச்சு மறுபடி புலத்துக்குச் செங்குத்தாகிவிடுகிறது. சமிக்ஞை போவது அதனால்தான். கிழக்கு மேற்குக் கோடுகளுக்குச் சென்சரைப் படுக்கவைத்து, வடகிழக்கைப் பார்க்குமாறு திருப்பிக் கட்டுங்கள். புரோத்தன் வகைக் காந்தமானியில் சுருளின் அச்சை நிமிர்த்தி வைத்தாலே போதும், வடக்கு நோக்கி மட்டும் கிடத்தாதீர்கள்.

ஈர்ப்புமானியின் எண் நிலைக்கவில்லை

ஈர்ப்புமானி உணரும் மாற்றம் எவ்வளவு சிறியது என்பதை மனத்தில் வையுங்கள். இங்கே மொத்த ஈர்ப்பு சுமார் 978,000 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் அலகு). நாம் தேடுவதோ அதில் ஒரு மில்லிகாலின் பத்தில் ஒரு பங்கு. காற்றில் ஆடும் தென்னையின் வேர் அசைவுகூட அதற்குத் தெரியும்.

முதலில் கால்களைப் பாருங்கள். வயல் வரம்பின் மேல் முக்காலியை வைத்தால் பார்வைக்கு உறுதியாக இருக்கும், ஆனால் ஒரு கால் மெதுவாக ஈரமண்ணில் இறங்கிக்கொண்டிருக்கும். சிஜி-5 போன்ற கருவியில் இது திரையிலேயே தெரியும்: சாய்வு எண் மூன்று, ஆறு, பத்து, பதினைந்து வில்செக்கன் என்று ஒரே திசையில் ஊர்ந்துகொண்டு போகும். காற்றினால் ஆடினால் எண் இருபுறமும் துள்ளும். ஒரு பக்கமாக மட்டும் ஊர்ந்தால் மண் இறங்குகிறது என்று பொருள். வரம்பின் மேற்புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஒரு சாண் சதுரக் கொங்கிறீற்றுக் கல்லை மிதித்து அமர்த்தி, அதன்மேல் முக்காலியை வையுங்கள். ஆள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கருவியைச் சுற்றி நடந்தாலும் சேற்று நிலம் சாயும். பெரும்போக வெள்ளாமை நிற்கும் காலத்தில் இதை முயல்வதே வீண். அறுவடை முடிந்து நிலம் காய்ந்த பின் வாருங்கள்.

கால் சரியாக இருந்தும் எண் இருபுறமும் துள்ளினால் காற்றோ கடலோ காரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பதுக்குமுன் வேலையை முடிப்பதும், குடையையோ தறப்பாளையோ மறைப்பாகப் பிடிப்பதும் காற்றுக்கு மருந்து. கடலின் துடிப்புக்கு அது பலிக்காது. கரையில் அலை மோதுவதால் நிலம் சில செக்கனுக்கு ஒருமுறை அதிர்கிறது. வாடைக் காலத்தில், கடல் கொந்தளிக்கும்போது, அது கூடும். மரத்துக்கடியில் நின்றாலும் அறைக்குள் வைத்தாலும் அது போகாது. அளவீட்டு நேரத்தை நீட்டி, அறுபது செக்கன் கொண்ட பல பதிவுகளை எடுத்துச் சராசரி பாருங்கள்.

காலையில் அளந்த அதே தளப் புள்ளியில் மாலையில் வேறு எண் வருகிறது

வரத்தான் செய்யும். கருவியின் சுருள்வில் மெல்லத் தளர்கிறது, சந்திரனும் சூரியனும் நிலத்தையே இழுக்கின்றன. எந்த அளவு வந்தால் இயல்பு, எந்த விதமாக வந்தால் கோளாறு என்பதுதான் கேள்வி.

நேர்கோடாக ஏறினால் கருவியின் நகர்வு. இரண்டு மூன்று மணிக்கொருமுறை தளப் புள்ளிக்குத் திரும்பி வந்திருந்தால் கணக்கில் கழித்துவிடலாம். ஓரிடத்தில் திடீரெனப் படி ஏறியதுபோல் தாவி, அதன்பின் எல்லாப் புள்ளிகளும் அந்த உயரத்திலேயே இருந்தால், வழியில் கருவி அடிபட்டிருக்கிறது. படுவான்கரைக் கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனால் இது நடக்கும். தாவல் எங்கே நடந்தது என்று ஊகிக்காதீர்கள். கடைசியாக நம்பக்கூடிய புள்ளிக்குத் திரும்பிப் போய் அளந்துவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். கருவியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவது வெட்கப்படத் தக்கதல்ல.

அலைபோல் ஏறி இறங்கி, ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை திசை மாறினால், சந்திர, சூரிய இழுப்பால் வரும் நில வற்றுப்பெருக்கின் திருத்தம் பிழை. இதன் மொத்த வீச்சு 0.3 மில்லிகால் வரை போகலாம். நாம் தேடும் விலகலைவிடப் பெரிது. கருவி தானாகத் திருத்துகிறதே என்று நம்பி இருப்பீர்கள், ஆனால் அதற்குச் சரியான நேரமும் இடமும் கொடுத்திருக்க வேண்டும். இலங்கை நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. சில கருவிகளில் இதைக் கூட்டல் குறியோடும், சிலவற்றில் கழித்தல் குறியோடும் கொடுக்க வேண்டும், தீர்க்கரேகைக்கும் அப்படித்தான். குறி மாறினால் கருவி உலகின் மறுபக்கத்துக்குரிய திருத்தத்தைப் போட்டுவிடும். கையேட்டைத் திறந்து ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

பழைய அளவைக் குறிப்பேடுகளைத் தூசு தட்டி எடுத்துப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1996 மே மாதம் இலங்கை நேரம் ஆறரை மணிக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணிக்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுக் குறிப்புகளை இன்றைய நேர வேறுபாட்டோடு கணித்தால் அரை மணியோ ஒரு மணியோ பிழைக்கும்.

இரவு மின்சாரம் தடைப்பட்டுக் கருவி அணைந்துபோயிருந்தால் மறுநாள் காலையில் அளக்கக் கூடாது. உள்ளேயிருக்கும் வெப்பநிலை மறுபடி நிலைப்பதற்கு மணிக்கணக்கில் ஆகும். சில வேளை ஒரு நாள்கூட. மாற்று மின்கலம் ஒன்றை எப்போதும் ஏற்றி வையுங்கள்.

கடற்கரையில் நிற்கிறேன், ஜிபிஎஸ் உயரம் மைனஸ் தொண்ணூறு மீற்றர் என்கிறது

கருவி பழுதில்லை. ஜிபிஎஸ் அளப்பது கடல்மட்டத்திலிருந்து அல்ல, புவிக்குக் கணிதத்தில் வகுத்த ஒரு நீள்கோளத்திலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 106 மீற்றர் கீழே போய்விடுகிறது. உலகில் வேறெங்கும் இவ்வளவு தாழ்வு இல்லை. அதன் விளிம்பிலுள்ள நம் கரையிலும் தாழ்வு கிட்டத்தட்டத் தொண்ணூறு மீற்றர்.

எல்லாப் புள்ளிகளையும் ஒரே வகை உயரத்தில் எடுத்திருந்தால் இதனால் பெரிய கேடில்லை. எல்லாம் ஒருசேர இறங்கும், விலகலின் வடிவம் மாறாது. கேடு கலப்பில் இருக்கிறது. ஒருவர் ஜிபிஎஸ் உயரத்தையும் இன்னொருவர் நில அளவைத் திணைக்களத்தின் உயரக் குறியிலிருந்து கொண்டுவந்த உயரத்தையும் ஒரே அட்டவணையில் போட்டால், 90 மீற்றர் வேறுபாடு, உயரத் திருத்தமும் கீழேயுள்ள பாறையின் ஈர்ப்பைக் கழிக்கும் பூகே திருத்தமும் சேர்ந்து, சுமார் 18 மில்லிகாலாக வந்து விழும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். சிறிய பிழைதான் தெரியாமல் தங்கிவிடும்.

உயரத்தில் ஒரு மீற்றர் பிழைத்தால் கிட்டத்தட்ட 0.2 மில்லிகால் பிழைக்கும். கைபேசியின் உயரம் பத்து மீற்றர் தவறுவது வழக்கம். அதாவது இரண்டு மில்லிகால். அதை வைத்து ஈர்ப்பு வரைபடம் போடுவதைவிடப் போடாமல் இருக்கலாம். செய்மதி உயரத் தரவும் புள்ளிக்கு உதவாது. தென்னந்தோப்பில் அது காட்டுவது பெரும்பாலும் நிலத்தை அல்ல, ஓலையை. மட்டமானியோ, சென்ரிமீற்றர் துல்லியம் தரும் இரட்டை ஜிபிஎஸ்ஸோ வேண்டும். மாறாக, வடக்கு தெற்கு இடப் பிழைக்கு இங்கே மன்னிப்பு உண்டு. நமது அகலக்கோட்டில் நூறு மீற்றர் தவறினாலும் 0.02 மில்லிகால்தான். வாடகை ஜிபிஎஸ்ஸுக்குப் பணம் குறைவென்றால் உயரத்தில் செலவழியுங்கள்.

குளக்கட்டின் மேல் ஒரு நீண்ட தாழ்வு

உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் கட்டு வீதி அளவைக்காரரை அழைக்கும். சமமாக இருக்கிறது, வாகனம் போகிறது, நிழலும் உண்டு. அங்கே புள்ளிகளை வைத்தால் கட்டு நெடுகிலும் தாழ்வு வரும், அதை ஒரு பிளவு வலயம் என்று வாசிக்கத் தோன்றும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. பூகே திருத்தம் உங்கள் காலுக்குக் கீழே எல்லாப் பக்கமும் முடிவின்றிப் பரந்த ஒரு பாறைப் பலகை இருப்பதாக எண்ணிக் கழிக்கிறது. ஆறு மீற்றர் உயரத்துக்கு அது 0.67 மில்லிகால். உண்மையில் இருப்பது ஒடுங்கிய மண் கட்டு. ஒருபுறம் வயல், மறுபுறம் தண்ணீர். மண்ணின் அடர்த்தியும் பாறையினதைவிடக் குறைவு. தேவைக்குமேல் கழித்ததால் தாழ்வு பிறக்கிறது. புள்ளியைக் கட்டிலிருந்து நூறு மீற்றராவது விலக்கி வயலில் வையுங்கள். குடும்பிமலை போன்ற தனிக்குன்றின் அடிவாரத்திலும் இதே கதை. அங்கே சுற்றியுள்ள மேடுபள்ளங்களைக் கணக்கில் எடுக்கும் தரைத்தோற்றத் திருத்தத்தை விரிவாகச் செய்யாமல் விட முடியாது.

புள்ளிகள் கடலுக்குள் விழுகின்றன, அல்லது பக்கவாட்டில் நகர்ந்திருக்கின்றன

இடத்தைக் குறிக்கும் பழைய இலங்கை வரைபடக் கட்டத்தின் தொடக்க எண் இரண்டு இலட்சம், புதிய எஸ்எல்டி99 கட்டத்தினது ஐந்து இலட்சம். மூன்று இலட்சம் மீற்றர் தவறினால் கலப்பு அங்கே. பழைய கட்டத்துக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இடையே திருத்தம் செய்யாவிட்டால் புள்ளி நூறு மீற்றருக்கும் மேல் விலகும். யூடிஎம் என்ற உலகக் கட்டம் என்றால் நமக்கு 44ஆம் வலயம்.

டொலரைட் கண்முன்னே கிடக்கிறது, காந்த வரைபடத்திலோ ஒன்றுமில்லை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

பாடநூலில் காந்தப் பாறைக்கு நேர் மேலே பெரிய உயர்வு இருக்கும். அது புலம் நிலத்துக்குள் சரிந்து இறங்கும் நாடுகளில். இங்கே புலம் படுக்கையாக இருப்பதால் பாறைக்குள் தூண்டப்படும் காந்தமும் படுக்கையாகவே இருக்கும். அதன் மேலே அது உண்டாக்கும் புலம் புவிப்புலத்துக்கு எதிர்த்திசையில் வருகிறது. ஆகவே பாறைக்கு நேர் மேலே தாழ்வு, வடக்கிலும் தெற்கிலும் சிறிய உயர்வுகள். உயர்வில் துளையிடச் சொன்னால் பாறைக்குப் பக்கத்தில் துளையிடுவீர்கள்.

இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. டொலரைட் சுவர் கிழக்கு மேற்காக ஓடினால் தாழ்வு தெளிவாகத் தெரியும். அதே சுவர் வடக்கு தெற்காக ஓடினால் புலம் அதன் நீளத்தின் வழியே போய்விடுகிறது. பக்கங்களில் எந்தக் காந்தமுனையும் உண்டாகாமல், வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் மட்டுமே விலகல் தெரியும். நடுவில் கிலோமீற்றர் கணக்கில் சுவர் இருந்தும் வரைபடம் வெறுமையாக இருக்கும். ஆதலால் ‘காந்த அளவையில் ஒன்றும் இல்லை, சுவர் இல்லை’ என்ற முடிவை வடக்கு தெற்குக் கட்டமைப்புகளுக்கு இங்கே எழுதவே கூடாது.

சில வேளை வடக்கு தெற்குச் சுவரும் தெரிந்துவிடும். உறைந்த காலத்துப் புலத்தை டொலரைட் தனக்குள் வைத்திருப்பதால் அது நடக்கிறது. இலங்கை கொண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தோடு ஒட்டித் தெற்கே கிடந்த காலத்தில் உறைந்த பாறையானால் அந்தப் புலம் படுக்கையாக இருந்திருக்காது. இதை ஊகிக்காமல், பாறைத் துண்டு ஒன்றைத் திசை குறித்து எடுத்து ஆய்வுகூடத்தில் அளப்பது நல்லது.

வயலில் செய்யக்கூடியது என்ன? பாறையின் போக்கைத் தெரிந்த வெளிப்பாட்டில் திசைகாட்டியால் முதலில் அளந்துவிடுங்கள். கிழக்கு மேற்குச் சுவருக்கு வடக்கு தெற்குக் கோடுகள் போடுங்கள். வடக்கு தெற்குச் சுவரானால் காந்தத்தை நம்பாமல் மின்தடை அளவையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காந்த வரைபடம் முழுக்க வரி வரியாக இருக்கிறது

வரிகள் உங்கள் அளவைக் கோடுகளுக்கு இணையாக இருந்தால் நாளாந்தத் திருத்தமோ, நடக்கும் திசையால் வரும் பிழையோ காரணம். குறுக்குக் கோடுகள் சிலவற்றை அளந்து, வெட்டும் புள்ளிகளில் எண்களை ஒப்பிட்டுச் சமன் செய்யலாம்.

கோடுகள் எத்திசையில் இருந்தாலும் வரிகள் வடக்கு தெற்காகவே நீண்டால், துருவ மாற்றம் செய்திருக்கிறீர்கள். விலகலைத் துருவத்தில் இருப்பதுபோல் மாற்றும் அந்தக் கணிப்பு, காந்த நடுக்கோட்டருகே பூச்சியத்தை ஒட்டிய எண்ணால் வகுக்க வேண்டி வருவதால், சிறு இரைச்சலையும் பெருக்கி வடக்கு தெற்குக் கோடாக இழுத்துவிடுகிறது. மென்பொருள் எச்சரிக்காமல் அழகாக நிறம் தீட்டித் தரும். சோதனை எளிது: மாற்றத்துக்கு முந்திய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாத வரி பாறையில் இல்லை.

நான் இங்கே துருவ மாற்றத்தைச் செய்வதில்லை. மூல வரைபடத்தையே ‘தாழ்வுதான் பாறை’ என்ற விதியோடு வாசிப்பேன், அல்லது நடுக்கோட்டுக்கு மாற்றுவேன். பாறையின் ஆழத்தைக் கணிக்க ஒய்லர் முறை உதவும், அதற்குத் துருவ மாற்றம் தேவையில்லை. அதில் பாறையின் வடிவத்தைக் குறிக்கும் எண்ணான கட்டமைப்புச் சுட்டியாகச் சுவருக்கு 1 கொடுக்க வேண்டும்.

செங்கலடி வீதி வழியே அளந்தால் ஈர்ப்பு கடலை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது

பதுளையிலிருந்து மகா ஓயா, புல்லுமலை, கரடியனாறு வழியாகச் செங்கலடிக்கு வரும் வீதியில் அளப்பது நல்ல தெரிவு. பாறைத் தொகுதிகளின் எல்லைக்கு அருகிலிருந்து கரைவரை ஒரே கோட்டில் கிடைக்கிறது. கரையை நெருங்க நெருங்க ஈர்ப்பு சீராக ஏறினால் அடியில் கனமான தாது இருப்பதாக எண்ண வேண்டாம். கண்டத்தின் ஓரத்தில் புவியின் மேலோடு மெலிந்து, கனமான கீழ்ப்படை மேலே வருகிறது. இந்த அகன்ற ஏற்றத்தை முதலில் கழித்தால்தான் உள்ளூர்ப் பாறை தெரியும். 1975இல் வெளியான இலங்கை ஈர்ப்பு வரைபடத்தையோ இலவசமாகக் கிடைக்கும் உலக ஈர்ப்பு மாதிரிகளையோ பின்னணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாவிக்கரைத் தாழ்வுக்கும் இதே அவதானம் வேண்டும். இருபது மீற்றர் தடிப்பான மணலும் சேறும் நைஸின்மேல் கிடந்தால் அதுவே 0.6 மில்லிகால் வரை தாழ்வு தரும். பக்கத்துக் கிணறுகளில் பாறை எத்தனை அடியில் தட்டியது என்று கேட்டு எழுதிக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

காந்தம் ஒன்று சொல்கிறது, ஈர்ப்பு வேறொன்று சொல்கிறது

மேலே சொன்னவை அனைத்தையும் பார்த்த பின்னும் இரண்டும் ஒத்துவராவிட்டால், இரண்டும் சரியாக இருக்கலாம். பத்து மீற்றர் அகலமான டொலரைட் சுவர் காந்தத்தில் நூறு இருநூறு நனோடெஸ்லா தரக்கூடும். ஈர்ப்பிலோ, நைஸைவிட அதன் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.3 கிராம் கூடுதல் என்று கொண்டாலும், 0.1 முதல் 0.2 மில்லிகாலுக்குமேல் தராது. 250 மீற்றருக்கொரு புள்ளி வைத்திருந்தால் அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து காணாமலே போகும். மணல் நிரம்பிய பழைய ஆற்றுப் பள்ளம் இதற்கு நேர் எதிர்: ஈர்ப்பில் தெளிவான தாழ்வு, காந்தத்தில் அநேகமாக ஒன்றுமில்லை.

ஈர்ப்பு மட்டும் தனியாக ஆழத்தைச் சொல்லாது. ஆழத்திலுள்ள சிறிய கனத்த பாறையும் மேலேயுள்ள அகன்ற, அடர்த்தி சிறிதே கூடிய பாறையும் ஒரே வளைவைத் தரலாம். எனவே மாதிரி வரையுமுன் அந்தப் பகுதியின் பாறைத் துண்டுகளை எடுத்து, காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து அடர்த்தி கண்டுகொள்ளுங்கள். மீன் சந்தைத் தராசு போதும். அந்த எண்ணை மாற்றாமல் பிடித்துக்கொண்டு, ஆழத்தை மட்டும் மாற்றி வளைவைப் பொருத்துங்கள். பொருந்தாவிட்டால், துளையிடச் சொல்லுமுன் தாழ்வுக்கு நேர் மேலே இருபத்தைந்து மீற்றர் இடைவெளியில் ஒரு கோட்டை மட்டும் காந்தத்திலும் ஈர்ப்பிலும் மறுபடி அளந்து பாருங்கள். துளையிடும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதைவிட அதற்குச் செலவு குறைவு.